எங்கே விட்டேன்

இடது கன்னத்தை மழித்து முடித்து ரேசரைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. அப்பாவின் வலது கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. நாசிக்குக் கீழே நுரையில் ஒரு சின்னக் குமிழ் எழும்பி உடைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இன்னொரு குமிழ். அவர் மூச்சு விடுகிறார் என்பதற்கு அன்று காலை அதுதான் சாட்சி.

"யாருன்னு பாரும்மா," என்றாள் மகள்.

அம்மா அதற்குள் வாசலுக்குப் போய்விட்டிருந்தாள். முந்தின நாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி மருந்து எதுவும் வேண்டாம், உதட்டை மட்டும் ஈரமாக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அம்மா ஓரிடத்தில் உட்காரவில்லை. துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தாள். மணி அடித்தால் முதல் ஆளாக ஓடினாள். வருகிறவர்கள் யாரானாலும் அவர்களிடம் வாசலிலேயே நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் அவளுக்கு. ஆனால் இப்போது பேச்சுச் சத்தமே கேட்கவில்லை.

"ஐயா இருக்காரா?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

"இருக்கார்," என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "இப்போதைக்கு," என்றாள்.

மகள் ரேசரைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு வந்தாள். வாசலில் நின்றவள் நெடுநெடுவென்று உயரம். நரைத்த தலையை இழுத்து வாரியிருந்தாள். தோளில் ஒரு துணிப்பை. உள்ளே வரச் சொன்னதும் உடனே காலெடுத்து வைக்கவில்லை. வலது கையின் இரண்டு விரல்களைக் கதவு நிலையில் வைத்து அழுத்தினாள். விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தாள். அதன் பிறகுதான் உள்ளே வந்தாள்.

மகள் அந்த விரல்களையே பார்த்தாள். அந்தப் பெண்ணை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆனால் பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பவளைப் போல நிலையில் இரண்டு விரலை அழுத்திவிட்டு அறைக்குள் நுழைகிற ஒரு பெண்ணைப் பற்றி அப்பா சொல்லச் சொல்ல அவளே பல முறை தட்டச்சு செய்திருக்கிறாள். அப்பாவின் நாவல்களில் வருகிற தையற்காரி அவள். மூன்றாவது மாடி. ஜன்னலோரம் மெஷின்.

அப்பா மாநகராட்சியில் கட்டட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கட்டடங்களை ஏறி இறங்கிப் பார்ப்பதும், விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்பதும், அடுத்த வாரம் போய் அந்தக் கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதும்தான் அவருடைய உத்தியோகம். கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசல் பழையது, விட்டுவிடலாம். உடைந்திருந்தால் கட்டடம் நகர்கிறது என்று அர்த்தம். ஆட்களை வெளியேற்றிவிட்டுக் கதவுக்கு அரக்கு முத்திரை வைக்க வேண்டும். துறையில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். வீட்டு விசேஷங்களுக்கு அழைக்கும்போதுகூட, "பூட்டு சார், புது வீடு, பாத்து வாங்க," என்று கிண்டல் செய்வார்கள்.

ஊர் மறக்காமல் வைத்திருந்தது அவர் பூட்டிய ஒரு கட்டடத்தைத்தான். நான்கு மாடி, மாடிக்கு ஏழெட்டுக் குடும்பம். ஒரே இரவில் மூன்று கண்ணாடிகள் உடைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மேலதிகாரி ஊரில் இல்லாத நாளில், தன் கையெழுத்திலேயே அத்தனை பேரையும் மாலைக்குள் தெருவில் இறக்கினார். கட்டடம் விழவில்லை. அடுத்த நாளும் விழவில்லை. அந்த வருடமும் விழவில்லை. இன்றைக்கு வரைக்கும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. ஆட்கள் வெளியேறிய பிறகு அங்கே ஒட்டிய ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அப்பா பல வருடங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீடிழந்தவர்கள் சிதறிப் போனார்கள். போவதற்கு முன்னால் அப்பாவின் வீட்டு வாசலில் சாக்கடையை வாரிக் கொட்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அதன் பிறகுதான் அவர் எழுத ஆரம்பித்தார். அரசு ஊழியர் நாவல் எழுத அனுமதி வேண்டும் என்பதால் முறைப்படி துறைக்கு விண்ணப்பித்தார். அனுமதி வருவதற்குள் மூன்று நாவல்கள் வந்துவிட்டன. விமர்சனம் என்று எங்கேயும் ஒரு வரி வந்ததில்லை. பதிப்பாளர் வருடத்துக்கு ஒருமுறை போன் செய்து, கிடங்கில் இடம் இல்லை, கொஞ்சம் கட்டுகளை எடுத்துப்போக முடியுமா என்று கேட்பார். மூன்றிலும் அதே கட்டடத்து ஆட்கள்தான். வெளியே வந்த பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கதை.

"இவங்களையெல்லாம் உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று மகள் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"தெரியாது. அன்னிக்கு ஒரு நாள் பாத்ததுதான். வெளிய அனுப்பினது நான். எங்க போனாங்கன்னு தெரிஞ்சாகணும்ல?" என்றார். "தெரியாததைத்தான் எழுதிட்டிருக்கேன்."

கை நடுங்க ஆரம்பித்த பிறகு நாலாவது நாவலை அவர் சொல்ல, மகள் கணினியில் அடித்தாள். தினமும் காலையில் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எங்க விட்டேன் பாப்பா?" கண்ணுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வந்த பிறகும் வீட்டில் அவள் பாப்பாதான். முந்தின நாளின் கடைசி வரியை அவள் படிப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அங்கிருந்து தொடங்குவார்.

வந்தவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தான் யார் என்று சொன்னாள். அந்தக் கட்டடம். மூன்றாவது மாடி. தையல் வேலை.

அம்மாவின் முகம் இறுகிவிட்டது. "திட்டுறதுக்கு வந்திருந்தீங்கன்னா சீக்கிரம் திட்டிட்டுப் போயிடுங்க," என்றாள். "அவருக்கு இன்னும் காது கேக்குது."

"திட்ட வரலைங்க." அவள் அம்மாவைப் பார்க்காமல் மகளைப் பார்த்தாள். "ஐயா எழுதின புத்தகத்தையெல்லாம் நான் படிச்சிருக்கேன்."

இது அந்த வீட்டில் யாரும் சொல்லிக் கேட்காத வாக்கியம். அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

"காலர் வெட்ட அளவுத்தாள் வேணும்னு பழைய பேப்பர் கடையில புத்தகம் எடை போட்டு வாங்குவேன். அப்படி வந்ததுதான் மொதப் புத்தகம். கத்தரிய வச்சுட்டேன், அப்பதான் கண்ணுல பட்டுது. மூணாவது மாடி, ஜன்னலோரம் மெஷின்னு இருந்துது. கத்தரிய எடுத்துட்டுப் படிச்சேன். அதுல அவ புருஷன் பல்பு வாங்கிட்டு வர்றேன்னு போவான், திரும்ப வரமாட்டான். எங்க வீட்டுக்காரர் அப்ப பக்கத்துலதான் குறட்டை விட்டுத் தூங்கிட்டிருந்தார். எழுப்பிப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்."

அவள் பையை மடியில் சரிசெய்துகொண்டாள்.

"அடுத்த மழைக்காலத்துல குளியலறை பல்பு போயிடுச்சு. நான் வாங்கிட்டு வர்றேன்னு கிளம்பினார். வேண்டாம்னு சொன்னேன். ஒரு கதைப் புத்தகத்துக்குப் பயந்துக்கிட்டு காலம் பூரா இருட்டுல குளிக்கச் சொல்றியான்னு கேட்டார். அவர் கேட்டதும் நியாயந்தானே. போனார். வரலை."

"பல்பு வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போற ஆம்பளைங்க ஊர்ல எத்தனையோ பேர்," என்றாள் அம்மா. ஆனால் குரலில் பிடிப்பு இல்லை.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். தற்செயல்னு சொல்லிப் பாத்துக்கிட்டேன். அப்புறம் ரெண்டாவது புத்தகத்தைத் தேடிப் போய் வாங்கினேன். அதுல மக வெளிநாட்டு வேலைக்குப் போவா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பேசுவா. வாரத்துக்கு வாரம் பேச்சு கொறஞ்சுக்கிட்டே வரும். அப்ப என் பொண்ணு பள்ளிக்கூடத்துல படிச்சிட்டிருந்தா." அவள் நிறுத்தினாள். "இப்ப அவ, இருக்கியாம்மான்னு கேப்பா. இருக்கேன்னு சொல்லுவேன். அவ்வளவுதான், வச்சிடுவா."

மூன்றாவதை மகளே மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கடலைப் பார்த்த ஓர் ஆஸ்பத்திரி. அங்கே கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைக்கிற அறை. அறைக்கு ஜன்னல் கிடையாது. கடல் சத்தம் மட்டும் சுவர் வழியாக வரும்.

"மூணாவதுல வர்ற அந்த ஆஸ்பத்திரி வேலைக்கு நான் மனுவே போடலைம்மா. யாரோ சொன்னாங்கன்னு அவங்களே கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தா ஜன்னல் இல்ல," என்றாள் வந்தவள்.

உள்ளே அப்பாவின் மூச்சு ஒருமுறை இழுத்து அடங்கியது.

"இன்னொண்ணு எழுதுறார்னு பதிப்பாளர் சொன்னார். எப்ப வரும்னு கேட்டா, அவரே போற நிலைமையில இருக்கார்னார். அதான் லீவு போட்டுட்டு வந்தேன்." பையின் வாரை அவள் விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "அதுல நான் இருக்கேனாம்மா?"

இருக்கிறாள். நாலாவது நாவலின் கடைசி அத்தியாயம் முழுக்க அவள்தான். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுப் பழைய கட்டடத்துக்குத் திரும்பி வருகிறாள். முத்திரையை உடைக்கிறாள். இருட்டில் சுவரைத் தொட்டுத் தொட்டு மாடி ஏறுகிறாள். முதல் மாடி. இரண்டாவது மாடி. ஒவ்வொரு படியிலும் சுண்ணாம்பு உதிர்கிற சத்தம். தட்டச்சு செய்யும்போதே மகளுக்குப் பிடிக்கவில்லை. "இவங்க எதுக்குப்பா மேல போறாங்க?" என்று கேட்டாள். அப்பா, "அது எனக்கே தெரியலை. நாளைக்குப் பாப்போம்," என்றார். மறுநாள் அவருக்கு நாக்கு புரளவில்லை. கடைசி வரி அப்படியே நின்றுவிட்டது: இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் அவள் நின்று மேலே பார்த்தாள்.

"போன மாசத்துலேர்ந்து எனக்கு அந்தக் கட்டடத்து நெனப்பாவே இருக்கு," என்றாள் வந்தவள். "சும்மா ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்தா என்னன்னு. வேலைய விட்டுடலாமான்னுகூட... அங்க எனக்கு என்ன இருக்கு, சொல்லுங்க? ஒண்ணுமில்ல. ஆனா காலு இழுக்குது."

மகளின் கையிலிருந்த ரேசர் காய்ந்துபோயிருந்தது.

"அவரை வந்து பாருங்க," என்றாள்.

அறை வாசலிலும் அவள் நிலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நுழைந்தாள். படுக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பாதி முகம் மழித்தும் பாதி நுரையோடும் கிடந்தவரைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். உதடு லேசாக அசைந்தது.

"சார்," என்றாள். "மெஷினை நீங்கதான் தூக்கிட்டு எறங்கினீங்க. நான் வெளிய வரமாட்டேன்னு உக்காந்துட்டேன். போலீசைக் கூப்பிடலை நீங்க. மெஷினைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு நடந்தீங்க. பின்னாடியே வந்துட்டேன்."

அப்பாவின் முதுகுவலிக்குக் காரணம் கேட்டு டாக்டர்கள் அலுத்துப் போயிருந்தார்கள். அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார். மூன்று நாளாகத் திறக்காத கண். நேராக வந்தவளின் முகத்தில் போய் நின்றது. ஆச்சரியமோ சந்தோஷமோ அதில் இல்லை. சாவியை எங்கேயோ வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறவரின் பார்வைதான். உதட்டிலிருந்த நுரை அசைந்தது.

"எங்க விட்டேன்?" என்றார்.

நாக்கு புரளாத வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தைகள் மட்டும் சுத்தமாக வந்தன. வந்தவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். அது என்ன கேள்வி என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

கடைசி வரி மகளுக்கு மனப்பாடம். சொல்வதற்கு வாயையும் திறந்துவிட்டாள். படியில் ஒரு கால், சுவரில் ஒரு கை, அண்ணாந்த முகம். அந்த முகத்தைத் தட்டச்சு செய்த நாளில் அவள் கற்பனை செய்து வைத்திருந்தது வேறு யாரோ ஒருத்தியுடையது. இப்போது அது இந்த முகம்தான். இனி மாற்ற முடியாது.

"அவங்க கீழ எறங்கி வந்துட்டாங்கப்பா," என்றாள்.

அப்பாவின் புருவம் சுருங்கியது. அவர் சொல்லாத வரி ஒன்றைச் சொன்னதாகப் படித்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கமாவைக்கூட அவள் தன்னிஷ்டத்துக்குப் போட்டதில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"கதவு?" என்றார்.

"தொறந்துதான் இருக்கு. வெளிய வந்துட்டாங்க. தெருவுல நிக்கிறாங்க."

கொஞ்ச நேரம் அவர் அதை மனதில் போட்டுப் பார்த்தார். பிறகு, "சரி," என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா உள்ளே வந்து மகளின் கையிலிருந்து ரேசரை வாங்கினாள். "அரைகுறையா விட்டா எப்படி," என்றாள். அவள் யாருக்கும் சவரம் செய்ததில்லை. தோலை இழுத்துப் பிடித்து, கத்தரிக்காய்க்குத் தோல் சீவுவதுபோல மெதுவாக மழித்தாள். தாடையில் ஒரு சின்ன வெட்டு விழுந்தது. ஈரத் துணியால் முகத்தைத் துடைத்து, தள்ளி நின்று பார்த்தாள்.

"இப்பதான் ஆபீசுக்குக் கிளம்பின மாதிரி இருக்கார்," என்றாள்.

அதற்கப்புறம்தான் மூவருக்கும் தெரிந்தது. வெட்டின இடத்தில் ரத்தம் வரவே இல்லை.

*

அன்று பகல் முழுக்கத் தையற்காரி அந்த வீட்டில் இருந்தாள். அவளை யாரும் இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. மகள் போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் அப்பாவின் வெள்ளைச் சட்டையில் தளர்ந்திருந்த பொத்தானைப் பார்த்து, பையிலிருந்து ஊசி நூலை எடுத்துத் தைத்தாள். அம்மா அவளுக்குக் காப்பி கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். மாலையில் அவள் கிளம்பியபோது மகள் தெருமுனை வரைக்கும் கூடப் போனாள்.

"கீழ எறங்கி வந்துட்டாங்கன்னு சொன்னீங்களே," என்றாள் தையற்காரி. "அது அவர் எழுதினதா?"

பொய் சொல்லியிருக்கலாம். மகள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நடந்தாள். ஆனால், "இல்லைங்க. நான் சொன்னது," என்று வந்துவிட்டது.

தையற்காரி நின்றாள். காலைக் கொஞ்சம் உதறிப் பார்த்தாள், மரத்துப்போன காலை உதறுவதுபோல. தரையில் ஊன்றினாள்.

"இழுக்கலை," என்றாள். பிறகு மகளின் முன்கையைப் பிடித்தாள். ஊசி குத்திக் குத்தித் தடித்த விரல்கள். "அப்ப இனிமே நீங்கதான்."

மகள் திரும்பி வருகிற வழியில் தன் முன்கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

*

அண்ணன் விடிந்து வந்து சேர்ந்தான். கட்டட ஒப்பந்தக்காரன். அப்பா பூட்டினார், நான் கட்டுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பவன். அப்பாவின் காலடியில் போய் நின்று போர்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்தான். பிறகு வேலைகளைக் கையில் எடுத்துக்கொண்டான். நாற்காலிகள் வந்தன. வண்டிக்குச் சொன்னான். அலமாரியை நகர்த்தும்போது கணினியைப் பார்த்து, "அந்த முடிக்காத கதை இதுலதான் இருக்கா?" என்று கேட்டான்.

"ம்."

"அழிச்சிடு. வச்சிருந்தா உனக்குத்தான் மனசு கெடும். முடிச்ச மூணையே யாரும் படிக்கலை."

"அதெல்லாம் அழிக்கக் கூடாது," என்றாள் மகள். சொன்ன வேகத்தில் அண்ணன் திரும்பிப் பார்த்தான்.

"சரி, இருக்கட்டும்," என்றான்.

அப்பாவின் பழைய சகா ஒருவர் வந்தார். ஆபீசில் அவரை 'டேப்பு' என்பார்கள். ஒரு காலத்தில் அப்பாவோடு அளவு நாடா பிடித்தவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணனிடம், "அந்தக் கட்டடம் விழலை, விழலைன்னு உங்கப்பாவைச் சொல்லாத ஆளில்ல," என்று ஆரம்பித்தார். "ஆள் இல்லாத கட்டடத்துக்குப் பாரம் ஏதுப்பா? அது எப்படி விழும்? நூறு பேர் உள்ள இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஆனா அதை எப்படி நிரூபிப்பே? மறுபடி நூறு பேரை உள்ள அனுப்பியா?" அண்ணன் தலையசைத்தான். அவனுக்கு இது தொழில். அவர் சொல்வது சரி என்று அவனுக்குத் தெரியும். அப்பாவிடம் அதை அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

அம்மா ஜன்னல் பக்கமிருந்து மகளைக் கூப்பிட்டாள். "எதிர்ப்பக்கம் நிக்கிறவங்கல்லாம் யாரு? ஆபீஸ் ஆளுங்களா?"

டேப்பு எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளுங்க இல்லம்மா," என்றார்.

தெருவின் எதிர்ப்பக்கத்தில், மூடிய கடைகளின் முன்னால், ஒரு பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். கூட்டமாக அல்ல, தனித்தனியாக. மகள் வாசலுக்கு வந்தாள். யாரையும் அவளுக்குத் தெரியாது. எல்லோரையும் தெரிந்தது. தோளை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்கிறவர் தரைத்தளத்துக் கடிகாரக்காரர். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்த இரட்டையர்கள், கிழவர்களாகியும் ஒரே மாதிரி சட்டை. எதைப் பார்த்தாலும் பல்லைக் கடிக்கிற அந்த நர்ஸ். ஓரத்தில் தையற்காரி. மூன்றாவது நாவலில் இரண்டாவது மாடிப் பெரியவர் ஒருவர் தூக்கத்திலேயே இறந்துபோவார். மகளின் கண் அவரையும் தேடியது. அவர் இல்லை.

வாசலுக்கு நேராக அப்பாவைக் கிடத்தியிருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து நன்றாகவே தெரியும். ஆனால் அவர்களில் ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் அசையாமல் நின்றாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக்கூடக் கையைத் தூக்கத் தோன்றவில்லை. தான் செய்கிற ஒவ்வொன்றும் அங்கே யாருக்கோ போய்ச் சேரும் போலிருந்தது.

"உள்ள கூப்பிடு பாப்பா," என்றாள் அம்மா பின்னாலிருந்து. "தெருவுல நிக்கவச்சுப் பாத்தது போதும்."

அவள் தலையசைத்ததும் வந்தார்கள். ஒவ்வொருவராக நுழைந்து, அப்பாவைச் சுற்றி ஒரு நடை நடந்து, வெளியே போனார்கள். அழவில்லை. பேச்சும் இல்லை. இரட்டையர்களில் ஒருவர் கூரையின் மூலையிலிருந்த விரிசலை அண்ணாந்து பார்த்தார். கடிகாரக்காரர் மட்டும் மகளின் முன்னால் நின்றார். அவளைவிட எவ்வளவோ மூத்தவர். கையைக் கூப்பினார்.

"கொஞ்சம் பாத்துக்கங்கம்மா," என்றார்.

பக்கத்திலிருந்த அண்ணன் அதைத் தங்கையிடம் சொன்ன ஆறுதலாக எடுத்துக்கொண்டு, "நாங்க பாத்துக்குறோங்க, ரொம்ப நன்றி," என்றான். கடிகாரக்காரர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மகள் தலையை ஆட்டும் வரைக்கும் நின்றுவிட்டுத்தான் போனார்.

வண்டி வந்தது. தூக்கும்போது, தான் எதிர்பார்த்ததைவிட அப்பா இலேசாக இருந்தார் என்று அண்ணன் பிறகு சொன்னான்.

*

மயானத்திலிருந்து திரும்பி வந்து, குளித்து, வந்தவர்களையெல்லாம் அனுப்பி முடித்தபோது மதியம் கழிந்திருந்தது. அண்ணன் சோபாவில் காலைத் தொங்கவிட்டபடியே தூங்கிப்போனான். அப்பாவின் மெத்தையை மாடியில் வெயிலுக்குப் போட்டிருந்தார்கள். வெறும் கட்டிலின் பலகையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மகள் எதிரே தரையில், சுவரில் சாய்ந்து.

இந்த வீட்டில் நாற்பது வருடம் ஒரு மனிதர் எழுதியிருக்கிறார். அம்மா அதில் ஒரு பக்கம் படித்ததில்லை. நேரமில்லை என்பாள். ஒருமுறை கோபத்தில், அந்த வீட்டு ஜனங்களுக்கு ஆகிறதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்கிறவர் இந்த வீட்டில் ஸ்டவ் எரியவில்லை என்பதை யோசிக்கிறாரா என்று கேட்டிருக்கிறாள்.

"பாப்பா," என்றாள் இப்போது. "அந்தப் பொம்பளை என்ன ஆனா?"

"எந்தப் பொம்பளைம்மா?"

"தையக்காரி. கதையில. கீழ எறங்கி வந்து தெருவுல நிக்கிறான்னு சொன்னியே. அப்புறம்?"

"அப்புறம் இல்லம்மா. அதோட நிக்குது."

"தெருவுலயே எத்தனை நேரம் நிப்பா." அம்மா பலகையை உள்ளங்கையால் தடவினாள். "சொல்லு. ஏதாவது சொல்லு. கேக்குறேன்."

மகள் வாயைத் திறந்தாள். தையற்காரி இந்நேரம் எங்கே இருப்பாள் என்று தெரியாது. கடலைப் பார்த்த அந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று தெரியாது. எந்தச் சொல்லை எடுத்தாலும் அதன் அடியில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தாள். நிறைகுடத்தைத் தூக்கி நடப்பதுபோல அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டாங்க."

"ம்."

"கூட்டம் இல்ல. பஸ் காலியாத்தான் இருந்துது. ஏறி உக்காந்தாங்க. ஜன்னல் ஓரத்துல எடம் கிடைச்சுது."

"அவ மக போன் பண்ணினாளா?"

மகள் யோசித்தாள். அம்மா காத்திருந்தாள்.

"பண்ணினா," என்றாள் மகள். "அன்னிக்கு ஞாயித்துக்கிழமைகூட இல்ல. சும்மாதான் பண்ணினேன்னா. ரொம்ப நேரம் பேசினாங்க."

அம்மா பெருமூச்சு விட்டாள். தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மாடியில் காற்று எதையோ தள்ளிவிட்ட சத்தம் கேட்டது. வெளிச்சம் சட்டென்று மங்கியது. ஜன்னல் கம்பியில் முதல் துளி விழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு எதிர்வீட்டுத் தகரக் கூரை முழுக்கச் சடசடவென்று பிடித்துக்கொண்டது.

"மெத்தை நனையுது," என்று எழுந்தாள் அம்மா.

மகள் எழுந்திருக்கவில்லை. மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்ககிட்ட குடை இருக்கு," என்றாள், அவசரமாக.